கண்ணாடிக்காரனின் சம்மதம்

காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணாடிக்காரனிடம் அவன் மனைவி அதைக் கேட்டாள். விடுமுறை நாள், பிற்பகல் நேரம். பெரிய போர்வை ஒன்றின் இரண்டு மூலைகள் அவள் கையிலும் மற்ற இரண்டு அவன் கையிலும் இருந்தன. மடிக்க மடிக்க இருவரும் நெருங்கி வர வேண்டும். நெருங்கி வந்தவன் வழக்கம்போலப் போர்வையோடு அவள் விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் சிரிக்கக் கூடாது."

"சிரிப்பு வந்தா?"

"வராது."

அவள் போர்வையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு வருஷம் நாம தனித்தனியா படுத்துக்கலாமா?"

அவன் சிரித்துவிட்டான். வேறென்ன செய்வது என்று தெரியாத சிரிப்பு. குறட்டைதான் காரணமாக இருக்கும் என்று நினைத்து, பக்கவாட்டில் திரும்பிப் படுத்துக்கொள்வதாகச் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள்.

"படுக்கை மட்டும் இல்லங்க. எல்லாமே. ஒரு வருஷம் பிரம்மச்சரியமா இருந்து பாக்கணும்னு இருக்கு."

அந்தச் சொல்லை அவன் அந்த வீட்டில் கேட்பது அதுதான் முதல் தடவை. கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரே மகன் வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிறான். மகன் போன பிறகு வீட்டில் இருவர் மட்டுமே என்றானதும், புதுசாகக் கல்யாணம் ஆனவன்போல உள்ளுக்குள் ஒரு குஷியோடுதான் அவன் நடமாடிக்கொண்டிருந்தான். இப்போது எந்தக் கணவனுக்கும் முதலில் தோன்றுவது அவனுக்கும் தோன்றியது. தோன்றியதை அப்படியே கேட்டும் விட்டான்.

"வேற யாரையாவது பிடிச்சிருக்கா?"

அவள் கோபப்படவில்லை. இதையும் எதிர்பார்த்துத்தான் வந்தேன் என்பதுபோல அவனைப் பார்த்தாள்.

"இல்ல. உங்களைத்தான் பிடிச்சிருக்கு. அதனாலதான் இவ்வளவு கஷ்டப்பட்டுக் கேக்கறேன். இல்லாத ஆசையை விட்டுட்டேன்னு சொன்னா அது என்ன விரதம்?"

அவள் நகரத்தின் அவசர அழைப்பு அறையில் வேலை பார்த்தாள். யாருக்காவது ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் முதலில் காதில் விழும் குரல்களில் ஒன்று அவளுடையது. வீட்டுக்கு வந்தால் வேலையைப் பற்றிப் பேச மாட்டாள். அன்று பேசினாள்.

"போன மழைக்காலத்துல ஒரு பொண்ணு கூப்பிட்டா. அவங்க அம்மாவுக்கு மூச்சு நின்னுபோச்சு. வண்டி போய்ச் சேர்ற வரைக்கும் நெஞ்சை எப்படி அழுத்தணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். வண்டி போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. அந்தப் பொண்ணு போனை வைக்கல. நானும் வைக்கல. ரெண்டு பேரும் எதுவும் பேசல. அப்ப என்னமோ ஆச்சுங்க. அழுகை இல்ல, பயம் இல்ல. பொறந்ததுல இருந்து தலைக்குள்ள ஓடிட்டிருந்த ஏதோ ஒண்ணு சட்டுனு நின்னுது. நின்ன பிறகுதான் அது ஓடிட்டிருந்ததே தெரிஞ்சுது. நமக்குள்ள அவ்வளவு பெரிய இடம் இருக்குன்னு எனக்கு யாருமே சொன்னதில்ல."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அந்த இடத்தைத் திரும்பவும் பாக்கணும்னு தியானம் கத்துக்கப் போனேன். தினமும் உட்கார்றேன். ஓட்டை வாளி மாதிரி மனசு நாலு பக்கமும் ஒழுகுது. சாப்பாடு, பேச்சு, டிவி, அப்புறம் நாம ரெண்டு பேரும். ஒவ்வொரு ஓட்டையா அடைச்சுப் பாக்கறேன். கடைசியா இது. இது மட்டும் என் ஒருத்தியோட சொத்து இல்ல. உங்களுக்கும் பாதி உண்டு. நீங்க வேணாம்னா வேணாம். மனசுல வச்சுக்க மாட்டேன்."

அவள் சண்டை போட்டிருந்தால் அவனும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பான். கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பான். நீங்கள் வேண்டாமென்றால் வேண்டாம் என்று அவள் சொன்னதுதான் அவனுடைய வீம்பைக் கிளப்பிவிட்டது. என்னால் இருக்க முடியாது என்றா நினைக்கிறாள்?

"சரி" என்றான், கதவை அடித்துச் சாத்துகிறவன்போல.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் 'சரி' எவ்வளவு கனம் தாங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் கையைக் கூப்பி நன்றி சொன்னாள். அப்படி அவள் அவனைக் கும்பிட்டது அவனுக்கு என்னவோபோல் இருந்தது.

மகனுடைய அறைக்கு அவன் குடிபோனான். ஒரு வாரம் தாங்காது, அவளே வந்து நிற்பாள் என்பது அவனுடைய கணக்கு. வாரம் போயிற்று, அடுத்த வாரமும் போயிற்று. மகனின் கட்டில் அவன் உயரத்துக்குக் குட்டை. கால்கள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். விடியலில் பக்கத்து அறையில் அவள் எழுந்திருப்பது கேட்கும். முகம் கழுவுவாள். பாய் விரிப்பாள். அதன்பின் ஒரு சத்தமும் இருக்காது. அந்தச் சத்தமின்மைதான் அவனைப் பாடாய்ப் படுத்தியது. வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டுவான். தண்ணீர்க் குழாயை முழு வேகத்தில் திறந்துவிடுவான். ஒருநாள் தாடி மழிக்கும் மெஷினை அவள் அறைக்கதவுக்கு வெளியே நின்று ஓட்டினான். வெளியே வந்தவள், "ரெண்டு பக்கமும் சமமா இல்ல, கண்ணாடி பாத்துப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். கண்ணாடிக்காரனுக்கே கண்ணாடி பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டாளே என்று அவனுக்கு அன்று முழுக்க வயிற்றெரிச்சல்.

அவனுடைய கண்ணாடிக் கடையில் அவனும் மச்சினனும்தான். மனைவியின் தம்பி, அக்கா கல்யாணம் முடிந்த கையோடு மாமாவிடம் வேலைக்குச் சேர்ந்தவன், வாய்க்குப் பூட்டே கிடையாது. ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கதவு, கடை முகப்பு என்று எல்லா வேலையும் எடுப்பார்கள். கண்ணாடி வெட்டுவதில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். கட்டரின் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுச் சட்டத்தை ஒட்டி, ஒரே மூச்சில் ஒரே அழுத்தத்தில் இழுக்க வேண்டும். இடையில் கை தயங்கினால் கோடு தயங்கும். கோடு தயங்கிய இடத்தில் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். இத்தனை வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. இப்போது வரிசையாக உடைத்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இந்த வேகத்துல போனா கண்ணாடிக் கடையை மூடிட்டு ஜல்லிக் கடைதான் திறக்கணும்" என்றான் மச்சினன். "வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"உங்க அக்கா சாமியாராகப் போறா."

"அக்காவா? போன வாரம்தானே செருப்பு வாங்கறதுக்கு என்னைக் கடை கடையா இழுத்தடிச்சா?"

விஷயம் முழுவதையும் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் மச்சினன் மடையன் இல்லை. பாதி சொன்னதிலேயே மீதியைப் புரிந்துகொண்டு, அதிசயமாக, வாயை மூடிக்கொண்டான்.

கடைசியில் இதற்கெல்லாம் காரணமான, அவளுக்குத் தியானம் சொல்லிக்கொடுக்கிற ஆளை ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பினான். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு நீளமான கூடம். தாடியும் காவியுமாக யாரையோ எதிர்பார்த்து மாடி ஏறியவன், அங்கே ஒரு பெண் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். அவன் வயதுதான் இருக்கும். தோள்கள் அகலமாக, ஆணுடையவைபோல இருந்தன. முன்பு நீச்சல் பயிற்சி கொடுத்த ஒருவரிடம் தியானம் கற்பதாக மனைவி எப்போதோ சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இன்னார் கணவன் என்று சொன்னதும் துடைப்பானைச் சுவரில் சாய்த்தாள்.

"உட்காருங்க சார். அந்தப் பக்கம் காஞ்சிருச்சு."

அவன் உட்காரவில்லை. "நல்லா இருந்த குடும்பத்தை ரெண்டாக்கறீங்களே, இது நியாயமா?"

"அவங்க முதல்ல வந்து கேட்டப்ப, வீட்டுக்காரர் சம்மதம் இல்லாம ஆரம்பிக்காதீங்கன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். நீங்க சரின்னு சொன்னதா வந்து சொன்னாங்க."

"சொன்னேன்."

"மனசாரச் சொல்லலையா?"

அவன் ஈரத் தரையைப் பார்த்தான்.

"அப்ப இன்னிக்கே போய்ச் சொல்லிடுங்க சார். அவங்க நிறுத்திடுவாங்க. வருத்தம் இருக்கும், ஆனா காட்ட மாட்டாங்க. அவ்வளவு சுலபம் இது."

அவ்வளவு சுலபம் என்று சொன்னதில் கேலி இல்லை. அதனாலேயே கொண்டுவந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இதுல அப்படி என்னதான் கிடைக்கப்போகுது அவளுக்கு?"

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். தண்ணியைப் பாத்துப் பயப்படறவங்க கையையும் காலையும் போட்டு அடிப்பாங்க. அடிக்க அடிக்க முழுகுவாங்க. அடிக்கறதை நிறுத்துன்னு சொன்னா நம்பவே மாட்டாங்க. ஒரு தடவை நிறுத்திட்டாங்கன்னா தண்ணியே தூக்கிடும். பிரம்மச்சரியம் அந்த நிறுத்தறது. தியானம் அந்த மிதக்கறது. ரெண்டும் ஆரம்பப் பாடம்தான், பெரிய சாதனைன்னு நினைச்சுக்காதீங்க. அதுக்கு மேல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் போனதில்ல."

"இத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுக்கறீங்க, நீங்களே போனதில்லையா?"

"மிதக்கறப்ப மேல பாக்கறேன் சார். வானம் மாதிரி இருக்கு. இப்போதைக்கு அதுவே எனக்குத் தாங்கல."

சொல்லிவிட்டு அவள் துடைப்பானை எடுத்துக்கொண்டாள். படியிறங்கும்போது, அவளுடைய முகத்தில் எதுவோ தன் மனைவியிடமும் அண்மையில் பார்த்ததுபோல இருக்கிறதே என்று அவனுக்குப் பட்டது. இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் 'போதும், விட்டுவிடு' என்று சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தபடி வந்தான். கதவைத் திறந்தவள், "முகமே சரியில்லையே, என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, பசி" என்று சொல்லிவிட்டான்.

அன்று சாப்பிட்டு முடித்தபிறகும் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மகனின் படிப்பைப் பற்றி ஒரு பேச்சு எழுந்து, லேசான வாக்குவாதமானது. முன்பெல்லாம் வாக்குவாதம் முற்றினால் அவன் அவள் தோளில் கையைப் போட்டுவிடுவான். அத்துடன் பேச்சு முடிந்துபோகும், விஷயம் முடிந்திருக்காது. இப்போது கை போட வழியில்லை. பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. பேசினார்கள். மகன் கேட்டது கிடைக்காமல் வேறு படிப்பில் சேர்ந்தபோது அவள் எத்தனை நாள் பேருந்தில் அழுதுகொண்டே வேலைக்குப் போனாள் என்பதை அவன் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான். இத்தனை வருடம் தன் கை பேசிக்கொண்டிருந்த இடத்தில் தன் காது எதுவும் கேட்கவில்லை என்று அவனுக்குச் சுருக்கென்றது.

இருந்தாலும் கோபம் முழுசாகப் போகவில்லை. பட்டினி போட்டவளோடு உட்கார்ந்து நல்ல விதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோமே என்ற குறுகுறுப்பு உள்ளே இருந்துகொண்டுதான் இருந்தது.

அழைப்பு அறையில் ஒரு தடுப்புக் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. யாரோ நாற்காலியை வேகமாகப் பின்னால் தள்ளியதில் அடிபட்டிருக்கிறது. மேற்பார்வையாளர் கண்ணாடிக்காரனுக்கே போன் செய்தார். "உங்க வீட்டம்மா உட்கார்ற இடத்துக்கு நேர் எதிர்லதான். நீங்களே வந்து பாத்துட்டா எனக்கும் நிம்மதி. சத்தம் மட்டும் வேணாம், போன் ஓடிட்டே இருக்கும்."

மனைவி வேலை செய்யும் இடத்தை அவன் அதுவரை உள்ளே போய்ப் பார்த்ததில்லை. மறுநாள் காலை மச்சினனும் அவனும் புதுக் கண்ணாடியைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். அகலமான அறை. வரிசையாக மேஜைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு திரைகள், காதிலும் வாயருகிலும் கருவி மாட்டிய மனிதர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்ததில் அறையே கொதிக்கிற பானைபோல இருந்தது. மனைவி அவர்களைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினாள். அவன் ரப்பர் பட்டைகளைக் கீறி எடுத்து, விரிசல் விட்ட கண்ணாடியைத் துண்டு துண்டாக இல்லாமல் முழுசாகவே கழற்றினான். இப்போது அவளுக்கும் அவனுக்கும் இடையில் வெறும் சட்டம் மட்டும் இருந்தது. சட்டத்தின் பள்ளத்தில் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டத் தொடங்கியபோதுதான் அந்த அழைப்பு வந்தது.

மலைப்பாதையில் ஒரு சரக்கு வேன் உருண்டுவிட்டது. ஓட்டியவன் தனி ஆள், அந்தப் பாதைக்குப் புதிது. பனிமூட்டத்தில் ஏதோ ஒரு வளைவில் சக்கரம் இறங்கிவிட்டது. கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எங்கே கிடக்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. அவனுடைய போனை வைத்து இந்த மலைப்பக்கம் என்று சொல்ல முடிந்ததே தவிர, எந்தச் சரிவு என்று திரை காட்டவில்லை. அந்த மலையில் நான்கைந்து பாதைகள் பாம்புபோல ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு போகின்றன. பாதைக்கு ஒன்றாக ஆம்புலன்ஸ்கள் அதற்குள் மலையேறியிருந்தன. யாருக்காவது அடையாளம் தெரியுமா என்று பார்க்க, மேற்பார்வையாளர் அந்தக் குரலை அறைக்கே கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

"அக்கா, என்னை விட்டுடாதீங்க அக்கா, போன்ல சார்ஜ் வேற இல்ல, இங்க ஒண்ணுமே தெரியல, எல்லாம் வெள்ளையா இருக்கு, ரத்தம் போகுது அக்கா, எனக்குப் பொண்ணு பொறந்து மூணு மாசம்தான் ஆகுது, அக்கா கேக்குதா..."

குரல் மூச்சுக்கும் இடம் கொடுக்காமல் ஓடியது. கேட்டுக்கொண்டிருந்த கண்ணாடிக்காரன் சுரண்டுவதை நிறுத்திவிட்டான். பக்கத்து மேஜைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மனைவி பேசவில்லை. ஒரு முழு மூச்சு இழுத்துவிட்டாள். அது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது. அதன் பிறகுதான் பேசினாள்.

"தம்பி. நான் எங்கயும் போகல."

அவன் இத்தனை வருடம் கேட்ட குரல்தான். ஆனால் இது எங்கிருந்து வருகிறது? அதில் அவசரம் இல்லை. அவசரத்தை அடக்கிக்கொண்ட பாவனையும் இல்லை. வற்றாத கிணற்றின் அடியில் இருந்து வருவதுபோல இருந்தது.

"உங்களைச் சுத்தி எங்க வண்டிங்க நிக்குது. ஒவ்வொண்ணா ஹாரன் அடிக்கச் சொல்லப் போறேன். உங்க போன் வழியா அந்தச் சத்தம் எனக்கு வந்தா, நீங்க எங்க இருக்கீங்கன்னு கண்டுபிடிச்சிடுவேன். அதுக்கு நீங்க பேசாம இருக்கணும். முடியுமா தம்பி?"

"பேசலைன்னா செத்துடுவேன்னு பயமா இருக்கு அக்கா."

"தெரியுது. நான் உங்ககூடவே பேசாம இருக்கேன். உங்க மூச்சு எனக்குக் கேக்குது. உள்ள வருது பாருங்க. இப்ப வெளிய போகுது. அதை நாம ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருப்போம். வேற ஒரு வேலையும் உங்களுக்கு இல்ல."

ஒலிபெருக்கியில் மூச்சு வந்தது. கிழிந்த துணியை இழுப்பதுபோல வந்தது. மறுபடி வந்தது. மெல்ல மெல்ல அதன் கிழிசல் குறைந்தது.

அவள் ஒரு கையை உயர்த்தினாள். உயர்த்தினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, மேஜையிலிருந்து உள்ளங்கையை லேசாக எடுத்தாள். அவ்வளவுதான். அந்தப் பெரிய அறை அடங்கியது. மற்ற அழைப்புகளை எடுத்தவர்கள் எழுந்து பக்கத்து அறைக்கு நகர்ந்தார்கள். யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள். மச்சினன் கையில் இருந்த சுரண்டியைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோலத் தரையில் வைத்தான்.

கண்ணாடிக்காரன் வெறும் சட்டத்தின் முன்னால் நின்று அவளைப் பார்த்தான். கண்கள் பாதி மூடியிருந்தன. முதுகு நேராக இருந்தது. விடியலில் மூடிய கதவுக்குப் பின்னால் அவள் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. தான் பாத்திரம் உருட்டியது இதன்மேல்தான் என்றும் தெரிந்தது. வெட்கப்படவும் நேரம் இல்லை. அந்த மௌனம் அவளிடமிருந்து புறப்பட்டு, மேஜைகளைத் தாண்டி, சட்டத்தைத் தாண்டி அவன் மேல் வந்து கவிந்தது. அவனுக்குள் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்த கோபம், கணக்கு, குறை எல்லாம் ஒன்றையொன்று பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டன. மலைமேல் கிடக்கும் முகம் தெரியாத ஒருவனின் மூச்சு மட்டும் இருந்தது. அது தன் மூச்சா அவன் மூச்சா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவன் உடம்பு சிலிர்த்தது. கண்ணில் நீர் நிறைந்தது. துடைக்கக் கை எழவில்லை.

முதல் வண்டி ஹாரன் அடித்தது. ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும். இரண்டாவது வண்டி. காற்றும் மூச்சும் மட்டும்.

"பாத்துக்கிட்டே இருப்போம் தம்பி" என்றாள். அதே குரல்.

மூன்றாவது வண்டி அடித்தபோது, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே, நூல் இழைபோல ஒன்று வந்து போயிற்று. யாருக்கும் நிச்சயமில்லை. மேற்பார்வையாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"கேக்குது" என்றாள் அவள். "அந்த வண்டி மட்டும் மெதுவா மேல ஏறட்டும். விட்டு விட்டு அடிக்கட்டும். இப்பக் கூடுது. இன்னும். இல்ல, இப்பக் குறையுது, தாண்டிட்டாங்க. திரும்பச் சொல்லுங்க. இங்க. இங்கதான். இறங்கிப் பாக்கச் சொல்லுங்க."

போனில் யாரோ தூரத்தில் கூப்பிடும் சத்தம் கேட்டது. வேன்காரன் குழந்தைபோல அழத் தொடங்கினான். "வந்துட்டாங்க அக்கா" என்றான். அதோடு அவன் போன் அணைந்துபோயிற்று.

அறையில் கைதட்டல் எழுந்தது. பக்கத்து மேஜைப் பெண் அழுதுவிட்டாள். மனைவி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். நிமிர்ந்தபோது எதிரே நின்றவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவன்மேல் இருந்த பிரியம் அப்படியே இருந்தது. அந்தப் பிரியம் அவனோடு நின்றுவிடாமல், அவனைத் தாண்டியும் எங்கோ விரிந்துகொண்டு போனது. அடுத்த அழைப்பு மினுங்கியது. எடுத்தாள். "சொல்லுங்க, எங்க இருந்து பேசறீங்க?"

"மாமா" என்றான் மச்சினன் மெதுவாக. "இது நம்ம அக்காதானா?"

அவன் புதுக் கண்ணாடியை எடுத்துச் சட்டத்தில் நிறுத்தினான். கை தயங்கவில்லை. வேலை முடிகிற வரைக்கும் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மச்சினன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை அவன் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

வேன்காரனின் கால் எலும்பு முறிந்திருந்தது, உயிருக்கு ஆபத்து இல்லை என்று சாயங்காலம் சேதி வந்தது. அவள் வீடு திரும்பியதும் அதைத்தான் முதலில் சொன்னாள். பிறகு தலை வலிக்கிறது என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். காலையில் பார்த்தவள் போய்விட்டாள். இவள் களைத்துப்போன, காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிற அவன் மனைவி. அதுவும் அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு சாதாரண உடம்புக்குள் எப்படிக் குடியிருக்கிறது?

தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"அன்னிக்கு நான் சரின்னு சொன்னேனே, அது சரியான சரி இல்ல. வீம்புக்குச் சொன்னது."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் வாங்கிக்கிட்ட?"

"எனக்கும் ஆசை. ஆசைப்பட்டவங்க கிடைக்கறதை வாங்கிக்குவாங்க. அது தப்புன்னு தினமும் மனசுல குத்திக்கிட்டே இருந்துச்சு. உட்கார்றப்ப உங்க முகம்தான் முன்னாடி வரும்."

"இப்பச் சொல்றேன். சரி. மனசாரச் சொல்றேன்."

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நூறு பேர் அழுகையை வாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறவள். அவன் கை தானாக அவள் தோளுக்குப் போயிற்று. பேச்சை முடிக்கப் போன கை இல்லை அது. அவளும் ஒதுங்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் விடியலில் அவள் பாயை விரித்தபோது, போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டு அவன் கதவருகில் நின்றான். "ஓரமா உட்கார்ந்துக்கறேன். தொந்தரவு பண்ண மாட்டேன்."

"பாத்திரம் ஏதும் கொண்டு வரலையே?" என்று கேட்டாள்.

முதல் நாள் முழங்கால் பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் தூங்கி விழுந்தான். அதற்குப் பிறகு வந்த நாட்களில் கடைப் பாக்கி, மூக்கு நுனி அரிப்பு, பள்ளியில் தன்னை அடித்தவனின் முகம், எப்போதோ கேட்ட விளம்பரப் பாட்டு, அவளுடைய கழுத்து, எல்லாம் வரிசையில் வந்து தரிசனம் கொடுத்துவிட்டுப் போயின. உடம்பு சில நாள் அனலாய்க் காய்ந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்றிருக்கும். ஓடாமல், அனல் எங்கே தொடங்குகிறது, எதுவரை ஏறுகிறது, எப்படித் தணிகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கப் பழகினான். அது தணியும் என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. இத்தனை வருடமாக அது கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டும் என்று நினைத்திருந்தான்.

கடையில் மறுபடி கோடுகள் நேராக விழுந்தன. அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு வேண்டியது வேறாக ஆகிவிட்டிருந்தது.

அது மழை விட்ட ஒரு காலையில் வந்தது. உட்கார்ந்திருந்தான். வெளியே கூரையிலிருந்து சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது விழுவதற்கு முன்னால் இருந்த இடைவெளியில், கேட்டுக்கொண்டிருந்தவன் காணாமல் போனான். கேட்பது மட்டும் இருந்தது. அதற்குச் சுவர் இல்லை. வீடும் தெருவும் விடியலும் பக்கத்தில் மூச்சுவிடுகிறவளும் அதற்குள் இருந்தன. சொட்டு விழுந்தபோது அதற்குள்ளேயே விழுந்தது. பயந்தான். பயமும் அதற்குள்தான் இருந்தது. பிறகு யாரோ தெருவில் வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள், அவன் பழையபடி முழங்கால் வலியோடு பாயில் உட்கார்ந்திருந்தான்.

அவள் கண்ணைத் திறந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அன்று அவன் கடைக்குப் போகிற வழியில், ஈரத் தெருவையும் பள்ளிக்கு ஓடுகிற பிள்ளைகளையும் திறக்கிற கடைகளையும் முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே நடந்தான். கடையைத் தாண்டிப் போய்விட்டான். மச்சினன் பின்னாலிருந்து கூப்பிட்டு நிறுத்த வேண்டியிருந்தது.

வருடம் முடிகிற நாளை இருவருமே மறக்கவில்லை, ஆனால் வாயெடுத்துப் பேசவும் இல்லை. அன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இன்னிக்கோட முடியுது. நான் கேட்ட கெடு."

"ம்."

"உங்க மனசுல என்ன இருக்குன்னு சொல்லுங்க. ஒளிக்காம."

அவன் ஒளிக்கவில்லை. "ஆசை இருக்கு. போகல."

"எனக்கும்தான்" என்றாள். கண்ணாடியில் இருவர் கண்ணும் சந்தித்தன. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திருமணமான புதிதில் பெரியவர்கள் நடமாடும் வீட்டில் சிரித்துக்கொண்ட சிரிப்பு.

"ஆனா இன்னொரு வருஷம் இருந்து பாக்கலாம்" என்றான்.

அவள் சீப்பை நிறுத்தினாள். "எனக்காகச் சொல்லாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். யோசிக்கறதுக்கு முன்னாடியே வந்துருச்சு."

தெருவில் அலுவலக வண்டி வந்து நின்று ஒலி எழுப்பியது. அவள் பையை எடுத்துக்கொண்டாள். செருப்பில் காலை நுழைத்தவள் திரும்பி வந்து, குனிந்து தன் காலைத் தொடப் போகிறாளோ என்று அவன் பதறிப் பின்வாங்க, அவனுடைய சட்டைக் காலர் உள்பக்கமாக மடிந்திருந்ததை எடுத்துச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

அவன் ஜன்னலில் நின்று பார்த்தான். வண்டியில் ஏறி, ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் எதையோ சொல்லிச் சிரித்தாள். வண்டி தெருமுனையில் திரும்பியது. கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. கண்ணாடிக்காரன் உள்ளே வந்து, விரித்தபடியே கிடந்த பாயில் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான்.